கைதி மேரியும் இரண்டு பிள்ளைகளும்

ஆஸ்திரேலியா என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன? பால்மாவு டின், ஆட்டிறைச்சி, துள்ளி ஓடும் கங்காரு. நம் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் அங்கே படிக்கப் போயிருக்கிறார்கள். படித்து முடித்து அங்கேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. ஆனால் அந்த நாட்டில் முதன்முதலாகக் கொண்டுவந்து குடிவைக்கப்பட்ட வெள்ளைக்காரர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கைதிகள் என்று சொன்னால், நம் வீட்டுப் பெரியவர்கள் நம்புவார்களா?

என் பாட்டி நம்பவே மாட்டார். அவருக்கு வெள்ளைக்காரன் என்றால் துரை. துரை என்றால் பங்களா, குதிரை, நாய், வெள்ளைக் கால்சட்டை. பசித்த வெள்ளைக்காரன் என்று ஒருவன் இருப்பான், அவனையும் இன்னொரு வெள்ளைக்காரன் கட்டிவைத்துச் சவுக்கால் அடிப்பான் என்பதெல்லாம் அவர் கண்ட உலகத்தில் இல்லை. அப்படி ஒருத்தியின் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அவள் பெயர் மேரி. அரசியும் அல்ல, பிரபுவின் மகளும் அல்ல. மீன்பிடித் துறையில் பிறந்த ஏழைப்பெண். திருடி. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

அந்தக் காலத்து இங்கிலாந்தின் சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். சின்னத் திருட்டுக்கும் தூக்கு விதிக்க அன்று சட்டத்தில் இடமிருந்தது. ஆனால் தூக்கு விதிக்கப்பட்ட எல்லாரையும் தூக்கில் போடவில்லை. பலருக்குத் தண்டனையைக் குறைத்து, ஏழாண்டு, பதினான்காண்டு, ஆயுள் என்று கணக்குப் போட்டு, கப்பலேற்றிக் கடல் கடந்த நாடுகளுக்கு அனுப்பினார்கள். முதலில் அமெரிக்காவுக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கர்கள் எதிர்த்து எழுந்து விடுதலைப் போர் தொடங்கியதும் அந்த வழி அடைபட்டது. சிறைகள் நிரம்பி வழிந்தன. பழைய, கடலுக்கு உதவாத கப்பல்களைத் துறைமுகங்களில் நிறுத்தி, அவற்றுக்குள் கைதிகளை அடைத்தார்கள். அதுவும் நிரம்பியபோதுதான், உலகத்தின் மறுகோடியில் இருந்த ஆஸ்திரேலியாவை நினைத்தார்கள். 1788 முதல் 1868 வரை, எண்பது ஆண்டுகளில், ஏறத்தாழ 1,62,000 பேரை அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள்.

இந்த வழக்கம் நம் பக்கத்துக்கும் வந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்தியாவில் தண்டித்தவர்களைப் பினாங்குக்கும், சுமாத்திராவில் இருந்த பெங்கூலனுக்கும் அனுப்பினார்கள். சென்னை மாகாணத்துக் கைதிகள் 1825ல் பெங்கூலனிலிருந்து சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டார்கள். சிங்கப்பூரில் வெள்ளை வெளேரென்று நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கட்டிய கைகள் இந்தியக் கைதிகளின் கைகள். அது தனிக்கதை, இன்னொரு நாள் பேசலாம்.

மேரி பிராட், இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் கார்ன்வால் பகுதியில், ஃபோய் என்ற சின்னத் துறைமுக ஊரில் பிறந்தவள். 1765 மே மாதம் முதல் தேதி அவளுக்கு ஞானஸ்நானம் நடந்ததாகத் தேவாலயப் பதிவு இருக்கிறது. தகப்பன் கடல் தொழிலாளி. வயது இருபதைத் தாண்டியபோது மேரி பிளிமத் நகரத்தில் இருந்தாள். அங்கே அவளும் வேறு இரண்டு பெண்களும் சேர்ந்து, சாலையில் தனியாக வந்த ஆக்னஸ் லேக்மன் என்ற பெண்ணை மறித்து, அவளுடைய பட்டுத் தொப்பியையும் மற்றப் பொருட்களையும் பறித்துக்கொண்டார்கள். 1786 மார்ச் மாதம் எக்சிட்டர் நகரத்தில் விசாரணை. தீர்ப்பு, தூக்கு. பிறகு ஏழாண்டு நாடு கடத்தலாகக் குறைத்தார்கள்.

சிலர் இந்தக் கதையைச் சொல்லும்போது, "பாவம், பசிக்கு ஒரு துண்டு ரொட்டி எடுத்தாள்" என்கிற மாதிரி இளக்கிச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. வழிமறிக்கப்பட்டவளும் ஒரு பெண்தான். அவளும் அன்றைக்குப் பயந்துதான் வீடு போய்ச் சேர்ந்திருப்பாள். மேரி செய்தது வழிப்பறி. ஆனால் ஒரு பட்டுத் தொப்பிக்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறதல்லவா? அந்தக் கணக்கைப் பற்றித்தான் இந்தக் கதை முழுவதும்.

பிளிமத் அருகே டன்கர்க் என்ற சிறைக்கப்பலில் மேரியை வைத்திருந்தார்கள். 1787 மே 13ஆம் தேதி, பதினொரு கப்பல்கள் கைதிகளையும் காவல் சிப்பாய்களையும் ஏற்றிக்கொண்டு இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டன. தலைவர் ஆர்தர் பிலிப். மேரி ஏறிய கப்பலின் பெயர் சார்லட். அவள் அப்போது கர்ப்பிணி. சிறைக்கப்பலில் இருந்தபோதே சுமந்த பிள்ளை அது. ரியோ டி ஜெனிரோவைக் கடந்து ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போது, 1787 செப்டம்பரில், நடுக்கடலில் பெண் குழந்தை பிறந்தது. கப்பலின் பெயரையே குழந்தைக்கு வைத்தாள்: சார்லட்.

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்த நம் பாட்டிமார்களின் பயணம் ஒரு வாரம், பத்து நாள். அதற்கே வாந்தியும் காய்ச்சலுமாக, அதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேரியின் பயணம் எட்டு மாதத்துக்கு மேல். அதில் நாலு மாதம் வயிற்றில் பிள்ளையோடு, நாலு மாதம் மடியில் பிள்ளையோடு.

1788 ஜனவரியில் போய்ச் சேர்ந்தார்கள். முதலில் பாட்டனி விரிகுடா. அங்கே நிலமும் தண்ணீரும் சரியில்லை என்று, ஜனவரி 26ஆம் தேதி இப்போது சிட்னி இருக்கும் இடத்துக்கு மாறினார்கள். காலியாகக் கிடந்த நிலம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆயிரம் ஆயிரம் ஆண்டுகளாக அங்கே வாழ்ந்த பழங்குடி மக்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைதிகளை இறக்கியதால் அவர்கள் இழந்தது எவ்வளவோ. மேரியின் துன்பத்தைச் சொல்லும்போது அதை மறந்துவிடக் கூடாது.

பிப்ரவரி 10ஆம் தேதி, அந்தக் குடியேற்றத்தில் நடந்த முதல் திருமணங்களோடு ஒன்றாக மேரியின் திருமணமும் நடந்தது. மாப்பிள்ளை வில்லியம் பிரயண்ட். அவனும் கார்ன்வால்காரன், அவனும் கைதி, தொழில் மீன்பிடி. சோற்றுக்கே வழியில்லாத அந்த இடத்தில் வலை வீசத் தெரிந்தவன் எவ்வளவு பெரிய ஆள் என்று சொல்லவும் வேண்டுமா? மீன்பிடிப் படகுகளை அவன் பொறுப்பில் விட்டார்கள். தனிக் குடிசை கொடுத்தார்கள். மற்றக் கைதிகள் பொறாமைப்படும்படி கொஞ்ச நாள் வாழ்க்கை ஓடியது.

பிடித்த மீனில் ஒரு பகுதியை ஒதுக்கி, கள்ளத்தனமாக விற்றான் வில்லியம். 1789 பிப்ரவரியில் பிடிபட்டான். நூறு சவுக்கடி. குடிசையையும் பிடுங்கிக்கொண்டார்கள். ஆனால் மீன்பிடி வேலையை விட்டு அவனை நீக்கவில்லை. ஏன் தெரியுமா? அவனைப் போல மீன் பிடிக்க வேறு ஆள் இல்லை.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு என் தாய்மாமாவின் நினைவு வந்தது. எந்தத் தோட்டம் என்று சொல்லப் போவதில்லை. மாமா நல்ல வெட்டுக்காரர். மரத்துக்கு ஒரு காயம் படாமல் உளி பிடிப்பார். பிரட்டுக் களத்தில் அவர் பெயரைச் சொன்னால் கங்காணியே கொஞ்சம் குரலைத் தாழ்த்துவார். அத்தைக்கு உடம்பு முடியாமல் போன ஒரு வருடம், ஒட்டுப்பாலைச் சேர்த்துவைத்து, இரவில் சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய்ப் பட்டணத்தில் ஒரு கடையில் விற்றார். இரண்டாம் தடவையோ மூன்றாம் தடவையோ பிடிபட்டார். ஆறு மாதம் சிறை. நூறு சவுக்கடி வாங்கிய வில்லியமுக்குக் கூட மறுநாள் வேலை இருந்தது, மாமாவுக்கு இல்லை. திரும்பி வந்தபோது வேலையும் போயிருந்தது, லயத்து வீடும் போயிருந்தது. அதைவிட, அவர் பெயரே போயிருந்தது. "திருட்டு மாமா" என்று பிள்ளைகள் சொல்லும். பெரியவர்கள் அதட்ட மாட்டார்கள். கல்யாணப் பந்தலில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து இடம் காலியாகவே இருக்கும். என் அம்மா மட்டும் அவருக்கு முதல் இலை போடுவார். யாரும் எதுவும் கேட்டுவிட முடியாது. அம்மாவின் முகம் அப்படி இருக்கும்.

சரி, மேரியிடம் வருவோம்.

1790ஆம் ஆண்டு பஞ்ச ஆண்டு. இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய உணவுக்கப்பல் வரவில்லை. இருந்த பெரிய கப்பலான சிரியஸ், மார்ச் மாதம் நார்போக் தீவில் பாறையில் மோதி உடைந்தது. படியளப்பைக் குறைத்தார்கள். ஓர் ஆளுக்கு ஒரு வாரத்துக்கு இரண்டரை ராத்தல் மாவு, இரண்டு ராத்தல் அரிசி, இரண்டு ராத்தல் பழைய உப்புப் பன்றி இறைச்சி. அந்த அரிசி எப்படிப்பட்டது என்கிறீர்கள்? தட்டில் கொட்டினால் தானாக நகருமாம், அவ்வளவு புழு. கவர்னர் தன் சொந்த மாவையும் பொதுக் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டார். அவர் வீட்டு விருந்துக்குப் போகிறவர்கள் தங்கள் ரொட்டியைக் கையோடு கொண்டுபோக வேண்டும். அந்தப் பஞ்சத்தில்தான் மேரிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. ஆண் குழந்தை, இம்மானுவேல்.

ஜூன் மாதம் இரண்டாவது கப்பல் கூட்டம் வந்தது. உணவைவிடச் சாவைத்தான் அதிகம் கொண்டுவந்தது. அதில் ஏற்றிய கைதிகளில் நான்கில் ஒருவர் வழியிலேயே இறந்துபோனார். இறங்கியவர்களிலும் பலர் நடக்க முடியாமல் கரையில் தவழ்ந்தார்கள். மேரி அதையெல்லாம் பார்த்தாள். கையில் ஒரு பிள்ளை, இடுப்பில் ஒரு பிள்ளை. அந்தக் கூட்டத்தைப் பார்த்த அன்றைக்கே அவள் மனம் முடிவு செய்திருக்கும் என்பது என் எண்ணம். ஏட்டில் அப்படி எழுதவில்லை. ஒரு தாயின் மனத்தைக்கொண்டு நான் சொல்கிறேன்.

வில்லியமின் ஏழாண்டு 1791 மார்ச்சோடு முடிந்துவிட்டது. ஆனால் முடிந்து என்ன? ஊருக்குப் போகக் கப்பல் இல்லை. கப்பல் வந்தாலும் கையில் காசு இல்லை. கைதிகளின் தண்டனைக் காலத்தைக் காட்டும் தாள்களை இங்கிலாந்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள் அதிகாரிகள்! யாருக்கு எப்போது விடுதலை என்று அங்கே யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மேரிக்கோ இன்னும் இரண்டு வருடம் இருந்தது. வில்லியம், "இந்த ஊரில் கட்டிய தாலி ஊருக்குப் போனால் செல்லாது" என்கிற மாதிரி பேசித் திரிந்தான் என்று அங்கே இருந்த அதிகாரி டேவிட் காலின்ஸ் எழுதி வைத்திருக்கிறார். அப்படிப் பேசியவன் கடைசியில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டுதான் புறப்பட்டான். வாயால் பேசியதை வைத்து ஆண்பிள்ளையைக் கணக்குப் போட முடியாது என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

அப்போது பத்தாவியாவிலிருந்து, அதாவது இன்றைய ஜகார்த்தாவிலிருந்து, அரிசியும் இறைச்சியும் ஏற்றிக்கொண்டு வாக்சம்ஹைட் என்ற டச்சுக் கப்பல் வந்திருந்தது. அதன் தலைவன் டெட்மர் ஸ்மித். அவனிடமிருந்து வில்லியம் ஒரு திசைகாட்டி, சூரியனைப் பார்த்து இடம் கணிக்கும் கருவி, கடல் படம், துப்பாக்கிகள் எல்லாம் வாங்கிச் சேர்த்துக்கொண்டான். குடிசைக்குள் மறைத்து வைத்தார்கள். மாவும் அரிசியும் தலைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார்கள்.

1791 மார்ச் 28. அன்றுதான் டச்சுக் கப்பல் துறையை விட்டுப் போனது. விரட்டிப் பிடிக்கத் தகுந்த கப்பல் வேறொன்றும் துறையில் இல்லை. அன்று இரவு, நிலா எழுவதற்கு முன்பே, கவர்னருடைய ஆறு துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு பதினொரு பேர் கிளம்பினார்கள்: வில்லியம், மேரி, மூன்றரை வயது சார்லட், ஒரு வயது கூட நிரம்பாத இம்மானுவேல், இன்னும் ஏழு ஆண் கைதிகள். காலையில் காவலர்கள் வந்து பார்த்தபோது, குடிசையிலிருந்து கடற்கரை வரை பாதையில் ஒரு கைரம்பம், ஒரு தராசு, நாலைந்து ராத்தல் அரிசி சிந்திக் கிடந்தன. அவசரத்தில் விழுந்தவை. புழு அரிசிக்கே வழியில்லாத ஊரில் நாலு ராத்தல் அரிசி சிந்தினால் குனிந்து பொறுக்க மனம் துடிக்காதா? நின்று பொறுக்க நேரமில்லை அவர்களுக்கு.

சில வருடங்களுக்கு முன்பு என் மகளோடு சிட்னிக்குப் போயிருந்தபோது அந்தத் துறையில் நின்று பார்த்தேன். இப்போது அங்கே பயணப் படகுகள் வந்துபோகின்றன. பக்கத்தில் சிப்பிகளை நிறுத்திவைத்தது போல ஒப்பேரா மாளிகை. பிள்ளைகள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். கடல் தலைவாசல் எவ்வளவு தூரம், அதைத் தாண்டினால் அலை எப்படி என்று கேட்டேன். மகள் என்னை ஒரு படகில் ஏற்றி வாசல் வரை அழைத்துப்போனாள். பெரிய இயந்திரப் படகு. அதுவே தூக்கித் தூக்கிப் போட்டது. நான் கம்பியை விடவில்லை.

அந்தத் திறந்த படகில் அவர்கள் போனது 5,000 கிலோமீட்டருக்கு மேல். 69 நாட்கள். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரமாகவே வடக்கே ஏறி, பவளப்பாறைகளுக்கு இடையே நுழைந்து, வடமுனையைச் சுற்றி, திறந்த கடலைக் கடந்து திமோர் தீவுக்கு. மழை விடாமல் கொட்டியது. படகில் தண்ணீர் ஊறியது. கையிலிருந்த சோப்பைப் பிசைந்து பலகை இடுக்குகளில் அடைத்தார்கள். கனத்தைக் குறைக்க மாற்றுத் துணிகளைக் கடலில் எறிந்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் காய்ந்த துணி என்பதே உடம்பில் இல்லை. கரை ஏறிய சில இடங்களில் பனங்குருத்தும் மீனும் கிடைத்தன. சில இடங்களில் தங்கள் மண்ணைக் காக்க நின்ற பழங்குடி மக்கள் விரட்டினார்கள். பவளத்தீவு ஒன்றில் ஆமைகள் அகப்பட்டன. அவற்றின் இறைச்சியைக் காயவைத்து வழிக்கு எடுத்துக்கொண்டார்கள்.

இந்தக் கதையை எங்கள் பழைய தோட்டத்துத் தாய்மார்கள் சிலரிடம் சொன்னேன். எல்லாரும் இப்போது பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்கு மாறிவிட்டார்கள். கோயில் திருவிழாவில்தான் ஒன்றுசேர்வோம். பெரிய வாக்குவாதமே நடந்துவிட்டது.

"பால்குடி மறக்காத பிள்ளையைத் தூக்கிட்டு நடுக்கடலுக்குப் போறதா? அவளும் ஒரு தாயா?" என்றார் ஒருவர்.

"அங்கேயே கிடந்து புழுத்த அரிசி தின்னு சாகணுமா? போனாலும் சாவு, இருந்தாலும் சாவு. போறதே மேல்," என்றார் இன்னொருவர்.

"பிள்ளைங்கள விட்டுட்டுப் போயிருந்தா?"

அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஆயாக்கொட்டகையில் முப்பது வருடம் வேலை பார்த்த ஓர் அக்கா மட்டும், "பிள்ளை எத்தனை நாள் உயிரோட இருந்துச்சு, அத முதல்ல சொல்லு தங்கச்சி," என்றார்.

அதைத்தான் சொல்ல வருகிறேன். 1791 ஜூன் 5ஆம் தேதி அவர்கள் திமோரில் கூப்பாங் என்ற டச்சுத் துறைமுகத்தை அடைந்தார்கள். புறப்பட்ட பதினொரு பேரும் உயிரோடு கரை ஏறினார்கள். பதினொரு பேரும்! அந்த 69 நாளில் ஒரு பிள்ளைகூடச் சாகவில்லை. கப்பல் தலைவன் பிளை என்பவர் இரண்டு ஆண்டுக்கு முன்பு இதே கூப்பாங்குக்குத் திறந்த படகில் வந்து சேர்ந்ததை உலகமே கொண்டாடியது. அவர் பயிற்சி பெற்ற கடற்படை அதிகாரி. அவர் படகில் கைக்குழந்தை இல்லை.

"எங்கள் கப்பல் உடைந்துவிட்டது, தப்பி வந்தோம்" என்று சொன்னார்கள். டச்சு கவர்னர் நம்பி, துணியும் உணவும் கொடுத்தார். ஆண்கள் வேலைக்குப் போனார்கள். பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டார்கள். பிறகு உண்மை வெளியானது. எப்படி வெளியானது என்பதில் இரண்டு கதைகள். குடிபோதையில் ஒருவன் உளறிவிட்டான் என்பது ஒன்று. கூட வந்த கைதிகளில் ஒருவனான ஜேம்ஸ் மார்ட்டின் சொல்வது வேறு: வில்லியம் மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு, கோபத்தில் போய்த் தானே எல்லாரையும் காட்டிக்கொடுத்தானாம். எது உண்மையானாலும், லயத்தில் வாழ்ந்த நமக்கு இரண்டுமே புதிதல்ல. எத்தனை வீடுகளில் கட்டிவைத்ததையெல்லாம் ஒரு போத்தலோ ஒரு கோபமோ கவிழ்த்துவிட்டிருக்கிறது!

அந்தச் சமயம் பார்த்து, செப்டம்பரில், எட்வர்ட் எட்வர்ட்ஸ் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவர் கூப்பாங்குக்கு வந்து சேர்ந்தார். பவுண்டி கப்பலில் கலகம் செய்தவர்களைப் பிடித்து, கப்பல் தளத்தில் கூண்டு கட்டி அடைத்துக் கொண்டுவந்தவர். வழியில் அவருடைய பண்டோரா கப்பல் பவளப்பாறையில் மோதி மூழ்க, அவரும் படகில்தான் வந்திருந்தார். இரக்கம் என்ற பேச்சே அவரிடம் இல்லை. பதினொரு பேரையும் பிடித்து, டச்சுக் கப்பலில் ஏற்றிப் பத்தாவியாவுக்குக் கொண்டுபோனார்.

பத்தாவியா அந்நாளில் காய்ச்சலுக்குப் பேர் போன ஊர். 1791 டிசம்பர் 1ஆம் தேதி இம்மானுவேல் இறந்தான். இரண்டு வயதுகூட முழுதாக வாழவில்லை. மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 22ஆம் தேதி, வில்லியம் இறந்தான். மிச்சமிருந்தவர்களை ஆப்பிரிக்க முனைக்கு அனுப்பினார்கள். வழியில் சுந்தா நீரிணையில் ஒருவன் கடலில் விழுந்து மறைந்தான். இன்னும் இருவர் நோயில் இறந்தார்கள்.

முனையில் கோர்கன் என்ற ஆங்கிலப் போர்க்கப்பல் காத்திருந்தது. சிட்னியில் காவல் முடித்து ஊர் திரும்பும் சிப்பாய்களும் அவர்கள் குடும்பங்களும் அதில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் வாட்கின் டெஞ்ச். ஐந்து ஆண்டுக்கு முன்பு மேரி கைதியாக வந்த அதே சார்லட் கப்பலில் அதிகாரியாக வந்தவர். அவளை அடையாளம் தெரிந்தவர். இவர்களைப் பார்க்கும்போதெல்லாம் தமக்கு இரக்கமும் வியப்பும் எழுந்தன என்று அவர் எழுதியிருக்கிறார். இவ்வளவு துன்பத்தையும் வென்று வந்து, கடைசியில் தோற்றுப்போனார்களே என்பது அவருடைய ஆதங்கம். காவல்காரனே கலங்கிவிட்டான், பாருங்கள்.

வெயிலில் அந்தக் கப்பலில் பிள்ளைகள் ஒவ்வொன்றாக இறந்தார்கள். சிப்பாய்களின் பிள்ளைகளும்தான். 1792 மே 6ஆம் தேதி சார்லட் இறந்தாள். நாலரை வயது. நடுக்கடலில் பிறந்த குழந்தையை நடுக்கடலிலேயே இறக்கினார்கள்.

ஆயாக்கொட்டகை அக்காவுக்கு இதுதான் என் பதில். தாய் பிடித்திருந்த படகில் அந்த இரண்டு பிள்ளைகளும் சாகவில்லை. சட்டம் பிடித்துக்கொண்டுபோன கப்பலிலும் ஊரிலும்தான் செத்தார்கள். இதைச் சொன்னபோது அந்த அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்போ அவ சரியாத்தான் கொண்டுபோயிருக்கா," என்றார். முதலில் திட்டியவர் அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. "கரையில நின்னிருந்தா ரெண்டுல ஒண்ணாவது தப்பியிருக்கும்," என்றார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

லண்டனில் நியூகேட் சிறை. மேரியும் நான்கு ஆண்களும் மட்டும் மிச்சம். தப்பி ஓடியதற்குத் தூக்கு வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். 1792 ஜூலையில் நீதிமன்றம், பழைய தண்டனையை இங்கேயே அனுபவியுங்கள் என்று சொல்லிவிட்டது. பத்திரிகைகளில் செய்தி வந்தது. அதைக் கேள்விப்பட்டு வந்தவர் ஜேம்ஸ் பாஸ்வெல் என்ற வழக்கறிஞர். டாக்டர் ஜான்சனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிப் பெயர் பெற்றவர். குடியும் கும்மாளமுமாகத் திரிந்த மனிதர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். இருக்கட்டும். அமைச்சர் டண்டாசுக்கு எழுதினார், நேரில் போனார், திரும்பத் திரும்ப நச்சரித்தார். 1793 மே மாதம் மேரிக்கு மன்னிப்பு வந்தது. ஏழாண்டும் அதற்கு முன்பே முடிந்திருந்தது! நவம்பரில் நான்கு ஆண்களுக்கும் விடுதலை கிடைத்தது.

அந்த நால்வரில் ஒருவன் செய்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஜான் புட்சர் என்பவன், தானே விரும்பிச் சிப்பாயாகச் சேர்ந்து, தப்பி ஓடிய அதே நியூ சவுத் வேல்சுக்குத் திரும்பிப் போனான். அங்கே நிலம் வாங்கிப் பயிர் செய்தான். மண்ணைத் திட்டிக்கொண்டே அதை விட முடியாமல் கிடப்பவர்களை நாம் பார்த்ததில்லையா? ஜேம்ஸ் மார்ட்டினுடைய கதையும் தங்கிவிட்டது. அவன் சொன்ன தப்பிய வரலாறு ஜெரமி பெந்தம் என்ற அறிஞரின் தாள்களோடு லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இருக்கிறது. முதல் கப்பல் கூட்டத்துக் கைதி ஒருவன் சொந்தமாகச் சொன்ன வரலாறு என்று நமக்கு இருப்பது அது ஒன்றுதான்.

சிறையிலிருந்து வெளியே வருகிறவனுக்கு வாசலில் யார் நிற்கிறார்கள் என்பது பெரிய விஷயம். என் மாமாவுக்கு என் அப்பா நின்றார். கையில் ஒரு புது வேட்டியோடு. மேரிக்குப் பாஸ்வெல் நின்றார். தங்க இடம் பார்த்துக்கொடுத்தார், துணிமணி வாங்கிக்கொடுத்தார். ஊருக்குப் போக அவள் பயந்தாள். சொந்தக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? 1793 அக்டோபரில் ஃபோய் ஊருக்குப் போகும் கப்பலில் அவளை ஏற்றிவிட்டு, ஆண்டுக்குப் பத்து பவுன் தன் கையிலிருந்து தருவதாக வாக்குக் கொடுத்தார். ஊரில் ஒரு பாதிரியார் மூலமாக அந்தப் பணம் போய்ச் சேர்ந்தது. பாஸ்வெல் 1795ல் இறந்தார். பணம் நின்றது. ஏடுகளில் மேரியின் பெயரும் அதோடு நின்றுவிடுகிறது.

மேரி அவருக்குத் திருப்பிக் கொடுக்க என்ன வைத்திருந்தாள்? சிட்னிக் காட்டில் ஒரு கொடி உண்டு. கைதிகள் அதன் இலையைப் பறித்து, கொதிநீரில் போட்டுத் தேநீராகக் குடிப்பார்கள். அந்த இலையில் கொஞ்சம் அவள் கையில் இருந்தது. படகில் 69 நாள், கூப்பாங்கில் கைது, பத்தாவியாவில் இரண்டு சாவு, கோர்கன் கப்பலில் ஒரு சாவு, நியூகேட் சிறையில் ஒரு வருடம். இத்தனைக்கும் நடுவே அதைத் தொலைக்காமல் வைத்திருந்து, பாஸ்வெலுக்குக் கொடுத்தாள். அவர் அதை ஒரு தாளில் மடித்துத் தம் கடிதங்களோடு பத்திரப்படுத்தினார். இருபதாம் நூற்றாண்டில் அவருடைய தாள்கள் கண்டெடுக்கப்பட்டபோது அந்த இலைகளும் கிடைத்தன. அவற்றில் சில இன்று சிட்னி நகரத்து மாநில நூலகத்தில் இருக்கின்றன. பழுப்பேறிய, ஒடிந்த சின்ன இலைகள். அதைப் போட்டுக் குடித்தால் சீனி வேண்டாமாம். இலையே இனிக்குமாம்.